11 ஆண்டு தூசிக்குள் குடித்தனம்!
நியூயார்க் செல்சி ஓட்டலின் கதை

ஓட்டலில் எத்தனை நாள் தங்குவோம்?

ஒரு நாள் தங்குவோம். இரண்டு நாள் தங்குவோம். உறவினர் வீட்டுக் கலியாணம் என்றால் மூன்று நாள் ஆகலாம். வேலை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு விடுவோம்.

நாற்பது ஆண்டு ஓட்டலில் தங்கியவர்களை யாராவது பார்த்தது உண்டா?

அமெரிக்காவில், நியூயார்க் பட்டணத்தில், அப்படிப் பலர் இருந்தார்கள். அவர்கள் தங்கிய இடத்தின் பெயர் "செல்சி ஓட்டல்". அவர்களுக்கு அது ஓட்டல் அல்ல, வீடு. அங்கேயே சமைத்தார்கள். அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தார்கள். அங்கேயே முதுமை அடைந்தார்கள்.

2011-ம் ஆண்டு அந்த ஓட்டல் கை மாறியது. புது முதலாளி வந்தார். பழைய கட்டிடத்தைப் புதுப்பிக்கப்போவதாகச் சொன்னார். விருந்தாளிகளை வெளியே அனுப்பினார்கள். வாசலை அடைத்தார்கள். சுவரை உடைத்தார்கள்.

வேலை முடிந்து ஓட்டல் மறுபடியும் திறந்தது எப்போது தெரியுமா? 2022-ல்!

இடையில் 11 ஆண்டு. அந்த 11 ஆண்டும், நிரந்தரமாகக் குடியிருந்தவர்களில் பலர் கட்டிடத்தை விட்டுப் போகவே இல்லை. இடிபாட்டுக்கும் தூசிக்கும் நடுவே, சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

அவர்கள் ஏன் போகவில்லை? எப்படிச் சமாளித்தார்கள்? கடைசியில் என்ன ஆயிற்று?

கூட்டாகக் கட்டிய கட்டிடம்

நியூயார்க்கில் மன்ஹாட்டன் என்று ஒரு தீவு. அங்கே 23-வது தெருவில், 222-ம் எண்ணில் செல்சி ஓட்டல் நிற்கிறது. சிவப்புச் செங்கல் கட்டிடம். 12 மாடி. மாடிக்கு மாடி இரும்பு மாடங்கள். அந்த இரும்பில் பூவும் இலையுமாக வேலைப்பாடு. தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

1884-ல் இது எழும்பியபோது நியூயார்க்கின் மிக உயரமான கட்டிடங்களில் ஒன்றாக இருந்தது. இதை வரைந்தவர் பிலிப் ஹூபர்ட். பிரான்சு நாட்டில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர்.

ஹூபர்ட்டுக்கு ஓர் ஆசை. நகரத்தில் தனியாக வீடு கட்டப் பலருக்கும் வசதி இல்லை. அவர்கள் ஒன்றுசேர்ந்து பணம் போட்டு ஒரே பெரிய கட்டிடமாகக் கட்டிக்கொண்டால் என்ன? கூட்டுறவு முறையில் வீடு! செல்சி அப்படித்தான் பிறந்தது. முதலில் அது ஓட்டல் அல்ல. குடும்பங்கள் வசிக்கும் அடுக்கு மாடி வீடு. உச்சி மாடியில் ஓவியர்கள் வேலை செய்வதற்கென்றே அறைகள் கட்டினார்கள்.

சுவர்கள் தடித்தவை. ஒரு வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டில் கேட்காது. நடுவில் அகலமான மாடிப்படி. இரும்புக் கைப்பிடி. கீழிருந்து உச்சி வரை சுற்றிச் சுற்றிப் போகும். மேலே கண்ணாடிக் கூரை. அதன் வழியாகச் சூரிய வெளிச்சம் படியில் இறங்கும்.

கூட்டுறவு நெடுநாள் நிலைக்கவில்லை. பணக் கஷ்டம் வந்தது. 1905-ல் கட்டிடம் ஓட்டலாக மாறியது. ஆனால் "இது நம் வீடு" என்ற எண்ணம் மட்டும் அந்தச் சுவரை விட்டுப் போகவில்லை.

தங்கியவர்கள் யார் யார்?

செல்சியில் தங்கியவர்களின் பட்டியல் நீளமானது.

ஆர்தர் கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளரைப் பலருக்குத் தெரியும். விண்வெளிக் கதைகள் எழுதியவர். 1956-ல் இலங்கைக்குக் குடிபோய், 2008-ல் கொழும்பில் காலமானவர். "2001: விண்வெளிப் பயணம்" என்ற புகழ்பெற்ற கதைக்காக அவர் நியூயார்க் வந்தபோது, எழுத உட்கார்ந்த இடம் செல்சி ஓட்டல். அந்தக் கதை 1968-ல் சினிமாவாக வந்தது.

நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் 1960-களில் சில ஆண்டு இங்கே வசித்தார். இவர் நடிகை மர்லின் மன்றோவின் கணவராக இருந்தவர்.

வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டைலன் தாமஸ் 1953 நவம்பரில் இங்கே தங்கியிருந்தபோது நோய் முற்றியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 39.

2016-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற பாடகர் பாப் டிலன் இங்கே இருந்தார். பாடகர் லியோனார்டு கோகன் இந்த ஓட்டலைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டினார். வர்ஜில் தாம்சன் என்ற இசைமேதை 1940-ல் குடிவந்தார். 1989-ல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். ஒரே ஓட்டலில் ஏறத்தாழ 50 ஆண்டு!

எல்லாம் நல்ல கதை என்று சொல்ல முடியாது. குடியும் போதை மருந்தும் இங்கே பலரைக் கெடுத்தன. 1978-ல் ஓர் அறையில் ஓர் இளம் பெண் கத்தியால் குத்துண்டு இறந்தாள். பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. செல்சிக்குப் புகழும் உண்டு; பழியும் உண்டு.

வாடகைக்குப் பதில் படம்!

இத்தனை கலைஞர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? அதற்குக் காரணம் ஒரு மனிதர். அவர் பெயர் ஸ்டான்லி பார்ட்.

ஸ்டான்லியின் தகப்பனார் டேவிட் பார்ட் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்தவர். கூட்டாளிகளோடு சேர்ந்து இந்த ஓட்டலை வாங்கினார். மகன் ஸ்டான்லி முதலில் எடுபிடி வேலைதான் பார்த்தார். குழாய் ரிப்பேர் செய்கிறவருக்கு உதவியாள்! பிறகு 1960-களில் மானேஜர் ஆனார். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார்.

அவர் குடிவருகிறவரை எடை போட்டுப் பார்ப்பார். ஓவியரா, எழுத்தாளரா, பாடகரா? இடம் உண்டு. கையில் காசு இல்லையா? பிறகு கொடுக்கலாம். பிறகும் இல்லையா? வரைந்த படத்தைக் கொடுக்கலாம்! அப்படி வந்த படங்களைக் கீழ்க் கூடத்திலும் மாடிப்படிச் சுவரிலும் மாட்டினார். பன்னிரண்டு மாடிக்கும் படங்கள். ஓட்டல் படி ஏறுவது ஓவியக் கண்காட்சி பார்ப்பதுபோல் இருந்தது.

அவர் தர்மவான் மட்டும் அல்ல. கெட்டிக்கார வியாபாரியும்கூட. வாடகை பாக்கிக்காரர்களை அவர் சும்மா விட்டதில்லை என்று அங்கே குடியிருந்தவர்களே சொல்வதுண்டு. ஆனால் எல்லாருடைய பெயரும் அவருக்குத் தெரியும். எல்லாருடைய கஷ்டமும் தெரியும்.

2007-ல் கூட்டாளிகளின் குடும்பத்தாரோடு தகராறு வந்தது. ஸ்டான்லியை நிர்வாகத்திலிருந்து நீக்கினார்கள். அன்றே குடித்தனக்காரர்களுக்கு அடி வயிறு கலங்கியது. அவர் 2017-ல் காலமானார்.

சட்டம் தந்த கேடயம்

2011-ல் ஓட்டல் விற்கப்பட்டது. விலை சுமார் 8 கோடி டாலர். ஆகஸ்டு மாதம் பிறந்தபோது விருந்தாளிகள் யாரும் இல்லை. நூறாண்டுக்கு மேல் திறந்திருந்த ஓட்டல் மூடியது.

ஆனால் நிரந்தரக் குடித்தனக்காரர்களை மட்டும் முதலாளியால் வெளியேற்ற முடியவில்லை. காரணம், நியூயார்க்கின் வாடகைச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் சாரம் இதுதான். பழைய கட்டிடங்களில் முதலாளி நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது. ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு குழு முடிவு செய்யும். வாடகையை ஒழுங்காகக் கொடுப்பவருக்குக் குத்தகையைப் புதுப்பித்துக் கொடுத்தே ஆக வேண்டும். பழைய ஓட்டல்களுக்கும் இது பொருந்தும். ஆறு மாதம் தொடர்ந்து தங்கியவர் நிரந்தரக் குடித்தனக்காரர் ஆகிவிடலாம்.

அவர் போனால் போகலாம். "போ" என்று சொல்ல முடியாது!

குடித்தனக்காரர்களில் பலர் வயதானவர்கள். பெரிய சொத்து இல்லாதவர்கள். வெளியே மன்ஹாட்டனில் வாடகை வானத்தைத் தொடுகிறது. செல்சியை விட்டால் அவர்களுக்கு அந்தத் தீவில் வேறு இடம் கிடைக்காது. ஊரை விட்டே போக வேண்டும். அதனால் இருந்தார்கள்.

இன்னொரு சட்டமும் அந்தக் கட்டிடத்துக்குக் காவல் இருந்தது. 1966-ல் நியூயார்க் நகரம் செல்சியைச் சரித்திரச் சின்னமாக அறிவித்தது. 1977-ல் அமெரிக்க தேசியப் பதிவேட்டிலும் அது இடம் பெற்றது. அதனால் கட்டிடத்தை இடித்துத் தள்ள முடியாது. ஆனால் நகரத்தின் சட்டம் காத்தது வெளித் தோற்றத்தைத்தான். உள்ளே அறைகளை உடைக்கலாம், கதவுகளைக் கழற்றலாம், சுவர்களைப் பெயர்க்கலாம்.

அதுதான் நடந்தது.

மறைந்த தோட்டம், மறைந்த படங்கள்

முதலில் போனவை படங்கள். 2011 இலையுதிர் காலத்தில், கூடத்திலும் மாடிப்படியிலும் மாட்டியிருந்த ஓவியங்களைக் கழற்றி எடுத்தார்கள். ஸ்டான்லி பார்ட் காலத்திலிருந்து தொங்கிய படங்கள்! சுவரில் ஆணி அடித்த அடையாளமும், படம் இருந்த இடத்தில் மங்காத சதுரமும்தான் மிச்சம்.

பிறகு மொட்டை மாடித் தோட்டம். மேல் மாடிக்காரர்கள் பல ஆண்டாகத் தொட்டி வைத்துச் செடி கொடி வளர்த்திருந்தார்கள். நியூயார்க் நடுவில், 12 மாடிக்கு மேலே ஒரு பசுஞ்சோலை. கூரை வேலைக்காக அதை அப்புறப்படுத்தினார்கள். செடி வளர்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

அடுத்து அறைகள். குடியிருப்பவர் இல்லாத அறைகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். வலது பக்கத்து அறை காலி. இடது பக்கத்து அறை காலி. நடு அறையில் ஒரு கிழவி. அந்த ஒரு கதவைத் தவிர மற்ற இடம் எல்லாம் செங்கல்லும் மரச்சட்டமும்.

தூசி கதவிடுக்கில் புகுந்தது. சாப்பாட்டில் விழுந்தது. துணியில் படிந்தது. வாசற்படிகளில் பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டார்கள். அதை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைய வேண்டும். பல நாள் வெந்நீர் வரவில்லை, குளிரில் சூடு இல்லை என்று குடித்தனக்காரர்கள் முறையிட்டார்கள். பனிக்காலத்தில் சூடு இல்லாமல் நியூயார்க்கில் இருக்க முடியாது.

சங்கம் சேர்த்தார்கள். வக்கீலை அமர்த்தினார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள்.

முதலாளியும் மாறிக்கொண்டே இருந்தார். 2013-ல் கை மாறியது. 2016-ல் மறுபடியும் கை மாறியது. அப்போது விலை சுமார் 25 கோடி டாலர்! ஐந்தே ஆண்டில் மூன்று மடங்கு. ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு திட்டம். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரைபடம். குடித்தனக்காரர்களுக்கு மட்டும் அதே தூசி.

குப்பையில் கிடந்த கதவுகள்

இந்த இடிப்பு வேலையின் நடுவே ஓர் அதிசயம் நடந்தது.

செல்சியில் சில ஆண்டு குடியிருந்த ஒருவர் வெளியேற நேர்ந்தது. அவருக்குப் போக்கிடம் இல்லை. தெருவில் படுத்தார். துணைக்கு ஒரு நாய் மட்டும்.

ஒருநாள், ஓட்டலிலிருந்து பழைய கதவுகளைக் கழற்றிக் குப்பைக்கு அனுப்புவதைப் பார்த்தார். வெள்ளைச் சாயம் பூசிய பழைய மரக் கதவுகள். வேலைக்காரர்களுக்கு அவை வெறும் மரம். இவருக்கு அப்படி இல்லை. "இந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருந்திருப்பார்கள்?" என்ற நினைப்பு வந்தது.

சாப்பாட்டுக்கே வழியில்லாத மனிதர் ஐம்பதுக்கும் மேற்பட்ட கதவுகளைச் சேகரித்தார்! பத்திரமான இடத்தில் வைத்தார். பிறகு, எந்த அறையில் எந்த ஆண்டு யார் தங்கினார் என்று விசாரிக்கத் தொடங்கினார். பழைய குறிப்புகளைப் புரட்டினார். இதற்கே சில ஆண்டு ஆயிற்று.

2018 ஏப்ரலில் கதவுகள் ஏலத்துக்கு வந்தன. பாப் டிலன் தங்கிய அறையின் கதவு என்ன விலைக்குப் போயிற்று தெரியுமா? ஒரு லட்சம் டாலர்! குப்பைக்குப் போக இருந்த கதவு!

வந்த பணம் முழுவதையும் அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பங்கை, பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கும் தரும ஸ்தாபனத்துக்கு ஒதுக்கினார். பசி என்னவென்று தெரிந்தவர் அல்லவா?

குடித்தனக்காரர்களுக்குள் பிளவு

முதலாளி ஒரு பக்கம், குடித்தனக்காரர்கள் மறு பக்கம் என்று நினைத்தால் அது தவறு. குடித்தனக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டாயிற்று.

நியூயார்க்கில் ஒரு விதி உண்டு. இப்படிப்பட்ட பழைய ஓட்டலில் பெரிய மாற்றம் செய்ய வேண்டுமானால், "குடியிருப்பவர்களைத் தொல்லைப்படுத்தி விரட்டவில்லை" என்று நகர நிர்வாகத்திடம் சான்று பெற வேண்டும். ஏழைகளைத் துன்புறுத்தி வெளியேற்றிவிட்டு மாளிகை கட்டுவதைத் தடுக்க வந்த விதி அது.

2016-ல் வாங்கியவர்களின் வேலை பாதி நடந்துகொண்டிருந்தபோது இந்தச் சான்று பற்றிக் கேள்வி எழுந்தது. குடித்தனக்காரர்களில் சிலர், "எங்களுக்குத் தொல்லை கொடுக்கிறார்கள்" என்று புகார் செய்தார்கள். நகர அதிகாரிகள் விசாரித்தார்கள். முதலாளிகள் மறுத்தார்கள். வேலை நெடுநாள் தடைப்பட்டது.

மற்றும் சிலர் என்ன சொன்னார்கள்? "போதும் சண்டை! நாங்கள் வயதானவர்கள். எத்தனை ஆண்டு இந்தத் தூசியைத் தின்பது? வேலையை முடிக்க விடுங்கள். சாகும்முன் சுத்தமான வீட்டில் நாலு நாள் இருக்க வேண்டும்" என்பது அவர்கள் கட்சி.

எது நியாயம்? இரண்டிலும் நியாயம் இருந்தது. உரிமையை விட்டுக்கொடுத்தால் நாளை வீடு போய்விடும் என்று பயந்தவர்கள் ஒரு பக்கம். உரிமைக்காகவே வாழ்நாள் முழுவதும் கழிந்துவிடும் என்று வருந்தியவர்கள் மறு பக்கம். நாற்பது ஆண்டு ஒரே லிப்டில் ஏறி இறங்கியவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போனார்கள். இந்த மராமத்தில் உடைந்தவை சுவர்கள் மட்டும் அல்ல.

சிலர் நடுவழி கண்டார்கள். ஒருவர் தம் வீட்டில் ஒரு பகுதியை முதலாளிக்கு விட்டுக்கொடுத்தார். மறு பகுதியில் நிம்மதியாக இருக்க ஒப்பந்தம் செய்துகொண்டார். இடம் குறைந்தது. ஆனால் முகவரி மாறவில்லை.

பெட்டிகளின் நடுவே ஒரு கலைஞர்

ஐந்தாவது மாடியில் பெட்டினா கிராஸ்மன் என்ற அம்மையார் இருந்தார். 1927-ல் பிறந்தவர். சிற்பம், ஓவியம், போட்டோ மூன்றிலும் வல்லவர். இவர் வேலை செய்த கூடம் தீப்பற்றி எரிந்தது. செய்து வைத்தவை எல்லாம் சாம்பல். பலர் அத்தோடு ஒடிந்து போயிருப்பார்கள். பெட்டினா மறுபடியும் தொடங்கினார். செல்சியில் குடிபுகுந்தார்.

தம் மாடத்தில் நின்று, கீழே தெருவில் நடப்பவர்களைப் படம் எடுத்தார். மேலிருந்து பார்த்தால் மனிதரின் தலையும் நிழலும் எப்படித் தெரியும்? அதையே ஆண்டுக் கணக்கில் படமாக்கினார். செய்தவற்றை விற்கவில்லை. யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பெட்டி பெட்டியாக அடுக்கினார். வீடு நிரம்பிவிட்டது. படுக்க இடம் இல்லை. வீட்டு நடையில் சாய்வு நாற்காலி போட்டுத் தூங்கினார்!

மராமத்து தொடங்கியபோது அவருக்கு வயது 84. அந்தப் பெட்டிகளை எங்கே எடுத்துப் போவது? ஒருமுறை நெருப்புக்குக் கொடுத்தவர், மறுமுறை குப்பைவண்டிக்குக் கொடுப்பாரா? பெட்டினா அசையவில்லை.

காலம் கடந்து பலன் வந்தது. 2021 இலையுதிர் காலத்தில், நியூயார்க்கில் நடந்த ஒரு பெரிய கலைக் கண்காட்சியில் அவருடைய படைப்புகளை வைத்தார்கள். பல ஆண்டு உழைப்பை ஊர் பார்த்தது.

அந்த நவம்பரிலேயே பெட்டினா கண்ணை மூடினார். வயது 94. ஓட்டல் திறக்க இன்னும் சில மாதமே இருந்தது. புதுப்பித்த செல்சியை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் காத்த பெட்டிகள் பிழைத்தன.

சாரத்தின் நடுவே நடனம்

இந்த மராமத்துக் காலத்தை இரண்டு பெண் இயக்குநர்கள் சினிமாப் படமாக எடுத்தார்கள். கற்பனைக் கதை அல்ல. உள்ளதை உள்ளபடி காட்டும் படம். அது 2022 பிப்ரவரியில் பெர்லின் படவிழாவில் முதன் முதலாகக் காட்டப்பட்டது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி பார்த்தவர் மனத்தை விட்டு அகலாது.

ஒரு முதிய நடனக் கலைஞர். பல ஆண்டாகச் செல்சியில் வசித்தவர். 1980-களில் இதே மாடிப்படியில் நடனக் குழுவை ஆட வைத்தவர். இப்போது அவரால் தனியாக நடக்க முடியாது. உருளைக் கால் வைத்த தாங்கியைத் தள்ளிக்கொண்டு, உடைந்த சுவர்களின் நடுவே மெல்ல வருகிறார்.

அங்கே ஒரு கட்டிடத் தொழிலாளி நிற்கிறார். தலையில் தொப்பி. உடம்பெல்லாம் தூசி. இருவரும் பேசத் தொடங்குகிறார்கள். இந்தக் கட்டிடத்தில் பழைய ஆட்களின் ஆவி உலவுகிறதாமே என்று பேச்சுப் போகிறது. பிறகு இருவரும் கை கோத்து ஆடுகிறார்கள்!

சண்டை முதலாளிகளுக்கும் குடித்தனக்காரர்களுக்கும்தான். சம்மட்டி எடுத்தவருக்கும் அங்கே வாழ்ந்தவருக்கும் பகை ஏது? அவர் பிழைக்க வந்தவர். இவர் வாழ்ந்த இடத்திலேயே இருக்க விரும்பியவர். பதினோரு ஆண்டில் தினமும் பார்த்துப் பார்த்து, ஒருவருக்கொருவர் பக்கத்து வீட்டுக்காரர் போல் ஆகிவிட்டார்கள்.

கதவு திறந்தது!

2021-ல் நகரத்தின் தடை நீங்கியது. வேலை வேகம் பிடித்தது. 2022 பிப்ரவரியில், கீழ்த்தளத்தில் உள்ள "எல் கிகோட்டே" என்ற ஸ்பானிய உணவு விடுதி முதலில் திறந்தது. இது 1930-ல் தொடங்கியது. 2018-ல் மூடிக் கிடந்தது. சில வாரத்தில் ஓட்டலும் விருந்தாளிகளை வரவேற்கத் தொடங்கியது. கோடைக்குள் முழுவதும் திறந்துவிட்டது.

155 அறை. பழைய கணப்பு அடுப்புகளையும், வண்ணக் கண்ணாடிகளையும், கூடத்தின் மர வேலைப்பாட்டையும் காப்பாற்றியிருந்தார்கள். இரும்புக் கைப்பிடி மாடிப்படி அப்படியே நின்றது. கண்ணாடிக் கூரை வழியாக அதே வெளிச்சம் இறங்கியது. கூடத்துச் சுவரில் மறுபடியும் ஓவியங்கள் ஏறின. வாசலில் ஓட்டலின் பெயர் நியான் விளக்கில் எரிந்தது.

வாடகை மட்டும் பழைய வாடகை அல்ல. ஓர் இரவுக்குப் பல நூறு டாலர். காசு இல்லாத ஓவியர் படத்தைக் கொடுத்துத் தங்கிய காலம் போய்விட்டது. "கட்டிடத்தைக் காப்பாற்றினார்கள், அதன் உயிரைக் காப்பாற்றவில்லை" என்று சொன்னவர்கள் உண்டு. "இப்போதும் விட்டிருந்தால் கூரையே விழுந்திருக்கும்" என்று பதில் சொன்னவர்களும் உண்டு.

பதினோரு ஆண்டும் தாக்குப்பிடித்தவர்களின் கதை என்ன?

திறந்தபோது சுமார் நாற்பது பழைய குடித்தனக்காரர்கள் மிஞ்சியிருந்தார்கள். மற்றவர்களில் சிலர் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் அலுத்துப்போய் வெளியேறினார்கள். சிலர் இறந்துபோனார்கள்.

மிஞ்சியவர்கள், பளபளக்கும் கூடத்தின் வழியாக, பட்டு உடுத்திய விருந்தாளிகளுக்கு நடுவே, கடையில் வாங்கிய காய்கறிப் பையோடு தங்கள் வீட்டுக்குப் போனார்கள். ஒரே நடையில் ஒரு கதவுக்குப் பின்னால் ஓர் இரவுக்கு வந்தவர். அடுத்த கதவுக்குப் பின்னால் நாற்பது ஆண்டாக இருப்பவர்.

வீட்டை ஒழுங்கு செய்ய வெள்ளையடிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? சாமானைக் கூடத்தில் போட்டு மூடிவிட்டு, இரண்டு நாள் முற்றத்தில் சமைத்துக்கொள்கிறோம். "எப்போது முடியும்?" என்று கொத்தனாரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போகிறோம். செல்சி ஓட்டல்காரர்கள் அந்தக் கேள்வியை 11 ஆண்டு கேட்டார்கள்.

1884-ல் பிலிப் ஹூபர்ட் அந்தக் கட்டிடத்தை வரைந்தது, பலர் சேர்ந்து வாழ்வதற்காக. முதலாளிகள் மாறினார்கள். கதவுகள் மாறின. விலை மாறியது. சேர்ந்து வாழ வந்தவர்களில் நாற்பது பேர் மட்டும் கடைசி வரை சாவியைக் கையை விட்டுக் கொடுக்கவில்லை.